“போர்ட் போயிட்டு” என்ற ஒற்றை வசனம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு, வீட்டில் ஒரு லெப்டொப் ஓன் ஆகாமல் போகும் நாளில் வாசித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் எல்லோருக்கும் வரும்.

சில கிழமைகளுக்கு முன்னால் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று துணிப்பையில் ஒரு பழைய டெல் லெப்டொப்பைச் சுற்றிக்கொண்டு ஓய்வறை வாசலில் வந்து நின்றது. இறப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் வெட்டுகிறார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மாமா, தான் பாவித்ததைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எட்டு மாதம் நன்றாக வேலை செய்ததாம். பிறகு ஒரு நாள் ஓன் ஆகவில்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடைக்காரர் பிளக்கைக் குத்தி, பட்டனை இரண்டு தரம் அமத்திவிட்டு, “போர்ட் போயிட்டு. இருபத்தெட்டாயிரம் ஆகும். இல்லாட்டி மூவாயிரத்துக்கு இங்கேயே குடுத்துட்டுப் போங்க” என்று சொல்லியிருக்கிறார்.

“அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு சேர், மூவாயிரத்துக்குக் குடுத்துருவமான்னு.”

கொடுக்க வேண்டாம், இரண்டு நாள் எங்களிடம் இருக்கட்டும் என்றோம். இரண்டு நாள் தேவைப்படவில்லை. சார்ஜர் முனையைக் குத்தும் ஓட்டை ஆடிக்கொண்டிருந்தது. முனையை லேசாக மேலே தூக்கிப் பிடித்தால் லைட் எரிந்தது, கையை விட்டால் அணைந்தது. அந்த மொடலில் அந்த ஓட்டை போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியதே இல்லை. சின்ன வயர் ஒன்றோடு தனியாக வரும் சாமான். அறுநூறு எழுநூறு ரூபாய். கீழ் மூடியைக் கழற்றி, பழையதை உருவி, புதியதைச் சொருக அரை மணித்தியாலம் போதும். பிள்ளை இப்போது அதில்தான் ஒப்படை எழுதுகிறது.

எங்களைக் கெட்டிக்காரர் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்களில் ஒருவர் கணிதம், ஒருவர் தகவல் தொழில்நுட்பம், ஒருவர் தமிழ். மின்னியல் படித்தவர் ஒருவரும் இல்லை. தமிழ் ஸேருக்கு ஸ்க்ரூ ட்ரைவர் பிடிக்கவே நாங்கள்தான் பழக்கினோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கெட்டுப்போனவற்றைக் கழற்றிப் பார்த்துப் பழகியதுதான். சொல்ல வந்த விஷயம் வேறு. “போர்ட் போயிட்டு” என்ற ஒற்றை வசனத்துக்கு முன்னால் நாம் எல்லோரும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? டொக்டர் ஒரு வருத்தத்தின் பெயரைச் சொன்னால் இன்னொரு டொக்டரிடம் போகிறோம். இங்கே மட்டும் ஒருவர் ஒரு நிமிடம் பார்த்துச் சொன்னதை மையித்து அறிவித்தல் போல ஏற்றுக்கொள்கிறோம்.

கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மைக்ரோஸ்கோப் வைத்து, மணல் பருமன் சாமானைச் சூடு காட்டி எடுத்து மாற்றும் பொடியன்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு முன்னால் எங்கள் வேலை விளையாட்டு. ஆனால் அவர்களிடம் போகும் முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய அரை மணித்தியால வேலை ஒன்று இருக்கிறது. அதை நாமே செய்ய வேண்டும், ஆசிரியர்கள் கட்டாயம் செய்ய வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். “ஓன் ஆகுதில்ல” என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு வேறு வருத்தங்கள் இருக்கின்றன. ஒன்று, எந்த லைட்டும் எரியாது, காற்றாடிச் சத்தமும் இல்லை, சடலம் மாதிரிக் கிடக்கும். இரண்டாவது, லைட் எரியும், காற்றாடி சுற்றும், திரை மட்டும் கறுப்பு. மூன்றாவது, ஓன் ஆகி ஐந்து பத்து வினாடியில் தானாக அணைந்துபோகும். முதலாவதில் கரண்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதில் பெரும்பாலும் ரெம் அல்லது திரை. மூன்றாவதில் சூடு, ரெம், அல்லது எங்கோ ஒரு ஷோர்ட். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே கடையில் பாதி ஏமாற்றம் குறையும். “லைட் எரியுது பாஸ், கெப்ஸ் லொக் அமத்தினா அந்த லைட்டும் மாறுது, திரைதான் வருதில்ல” என்று சொல்லும் ஆளிடம் யாரும் லேசில் போர்ட் போயிட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

லைட்டே இல்லாவிட்டால் சுவரிலிருந்து தொடங்குங்கள். சிரிக்க வேண்டாம். எங்கள் பகுதியில் பழைய வீடுகளிலும் லயன்களிலும் இன்னும் வட்டக் கால் பிளக் பொயின்ட்தான். புதுச் சார்ஜர் சதுரக் கால் பதின்மூன்று அம்பியர் பிளக்கோடு வரும். இடையில் ஒரு மாற்றுப் பிளக், அதற்கு மேல் ஒரு மல்டி பிளக், அதிலே டீவியும் போன் சார்ஜரும். இந்தச் சங்கிலியில் எங்கோ ஓர் இடத்தில் பிடிமானம் இல்லாமல் போனால் லெப்டொப் செத்த மாதிரித்தான் இருக்கும். ஒரு தாத்தா அழுகிற குரலில் போன் பண்ணி, நாங்கள் போய்ப் பார்த்தால் மல்டி பிளக்கின் சுவிச் ஓஃப். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்தது சார்ஜர். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். அவுட்புட் என்ற இடத்தில் 19 வோல்ட், 19.5 வோல்ட், 20 வோல்ட் என்று ஏதாவது இருக்கும். பக்கத்தில் அம்பியர் இருக்கும். 19.5 ஐ 3.34 ஆல் பெருக்கினால் 65. அதுதான் அந்தச் சார்ஜரின் வோட். (தரம் 11 பிள்ளைகளுக்கு வலு என்ற பாடத்தைப் படிப்பிக்கும்போது இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.) வோல்ட் லெப்டொப் கேட்பதாகவே இருக்க வேண்டும். அம்பியர் கூடலாம், குறையக் கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் பக்கத்து வீட்டுச் சார்ஜரைக் குத்த வேண்டாம். டெல், எச்பி மொடல்கள் பலவற்றில் முனைக்குள்ளே நடுவில் ஊசி போல ஒன்று இருக்கும். அது உடைந்தால் கரண்ட் போகும், ஆனால் இது யாருடைய சார்ஜர் என்று லெப்டொப்புக்குத் தெரியாமல் போய் பெட்டரியைச் சார்ஜ் பண்ணாது. பெட்டரி செத்துப்போயிட்டு என்று புதுப் பெட்டரி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். போனது அந்த ஊசி.

இந்த இடத்தில் எங்கள் தலைக்கனத்துக்கு விழுந்த அடியையும் சொல்லிவிடுகிறோம். மல்டிமீட்டர் ஒன்று வாங்கிய புதிதில் எங்களுக்குப் பெரிய எண்ணம். ஒரு சார்ஜரை அளந்தோம், சரியாக 19 வோல்ட். சார்ஜர் நல்லம், போர்ட்தான் போயிருக்கு என்று நாங்களே தீர்ப்புச் சொன்னோம், அதே கடைக்காரர் வசனம். இரண்டு நாள் கழித்து வேறொரு சார்ஜர் குத்தியபோது லெப்டொப் ஓன் ஆகிவிட்டது. சும்மா இருக்கும்போது 19 காட்டும் சார்ஜர், வேலை கொடுத்தவுடன் படுத்துவிடும் என்று அன்றுதான் படித்தோம். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அரைக் கேள்வி கேட்டோம். ஆகவே அதே வகைச் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிக் குத்திப் பார்ப்பதுதான் முடிவான பரிசோதனை.

சார்ஜர் நல்லதென்றால், எல்லாவற்றையும் கழற்றுங்கள். மவுஸ், பென்டிரைவ், டொங்கிள், எல்லாம். ஒரு யூஎஸ்பி ஓட்டைக்குள் வளைந்த தகடு ஒன்று மற்றதில் தொட்டாலே முழு இயந்திரமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓன் ஆகாமல் இருக்கும். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு, பெட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் கரண்ட் வடிந்து, கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன சிப் புதிதாக யோசிக்கத் தொடங்கும். பெட்டரி போடாமல் சார்ஜரை மட்டும் குத்தி ஓன் பண்ணிப் பாருங்கள். பெட்டரி உள்ளே இருக்கும் மொடல் என்றால் கீழ் மூடியைத் திறந்து அதன் கனெக்டரைக் கழற்ற வேண்டும். லெனோவோ திங்க்பேட் சிலவற்றில் அடியில் குண்டூசி போகும் அளவு ஓட்டை ஒன்று விட்டிருப்பார்கள், அதற்குள் அமத்தினால் அதே வேலை நடக்கும். இடி இடித்த அடுத்த நாள் எங்களிடம் வந்த லெப்டொப்களில் ஒன்றிரண்டு இந்த ஒரு வேலையோடு எழும்பியிருக்கின்றன.

இடியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எங்கள் மலைகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்தலேகல பக்கம் கறுத்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிச்சை மட்டும் ஓஃப் பண்ணுவது போதாது. ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். ட்ரிப் சுவிச் ஆளைக் காப்பாற்ற இருப்பது, லெப்டொப்பைக் காப்பாற்ற அல்ல.

லைட் எரிந்து திரை கறுப்பாக இருந்தால், இருட்டறையில் டோர்ச் ஒன்றைத் திரையில் சரிவாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து, படம் தெரிந்தால் உள்ளே எல்லாம் நல்லம், பின்னொளி மட்டும் போயிருக்கிறது. பாடசாலை மொனிட்டரிலோ புரொஜெக்டரிலோ குத்தினாலும் விடை கிடைக்கும். அங்கேயும் ஒன்றும் வராவிட்டால் ரெம். கீழே சின்ன மூடியைத் திறந்து, இரண்டு பக்கக் கொழுவியையும் விலக்கினால் ரெம் தானாக எழும்பும். அதன் தங்க நிறப் பற்களைப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி, திருப்பிப் போடுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் ஈரத்துக்கு இந்தப் பற்கள் கறுத்துப்போவது சாதாரணம். ஐந்து ரூபாய் பெறாத அழிறப்பர் ஓர் இயந்திரத்தை எழுப்பும்போது எங்களுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இதற்குப் பிறகும் எழும்பாவிட்டால் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அப்போது உண்மையிலேயே போர்டாக இருக்கலாம்.

சரி, கையோடு இரண்டு எச்சரிக்கை. பெட்டரி ஊதி, லெப்டொப்பின் அடி அல்லது மவுஸ் பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அதை அமத்த வேண்டாம், குத்த வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். லித்தியம் பெட்டரி கிழிந்தால் நெருப்பு. வீட்டுக் குப்பையோடு எறியவும் வேண்டாம். இலத்திரனியல் கழிவு எடுக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மற்றது, தேத்தண்ணி ஊற்றுப்பட்டால் உடனே சார்ஜரை உருவுங்கள், பெட்டரியைக் கழற்றுங்கள், கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வையுங்கள். வேலை செய்கிறதா என்று ஆசைக்கு ஒரு தரம் ஓன் பண்ணிப் பார்ப்பதுதான் பல போர்ட்களைக் கொன்றது. அரிசிச் சாக்கில் வைப்பதில் பலனில்லை. அரிசிக்குச் சீனியை உறிஞ்சத் தெரியாது.

இனி எங்களுக்கு மனம் எரியும் விஷயத்துக்கு வருகிறோம்.

பாடசாலைகளுக்கு லெப்டொப் கிடைக்கிறது. அரசாங்கம் தருகிறது, பழைய மாணவர்கள் தருகிறார்கள், வெளிநாட்டிலிருக்கும் நல்ல மனிதர்கள் அனுப்புகிறார்கள். வந்த அன்று போட்டோ எடுக்கிறோம். அடுத்த நாள் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். காரணம் பயம். பொருள் பதிவேட்டில் ஏறிய சாமான் பழுதானால் யார் பதில் சொல்வது? வருடத்துக்கு ஒருமுறை போர்ட் ஒஃப் சர்வே வரும்போது எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணும்போது பெட்டி இருந்தால் போதும். ஓன் ஆகிறதா என்று கேட்பவர் குறைவு. ஆகவே பாவிக்காமல் வைத்திருப்பவர் கவனமானவர், பாவித்து உடைத்தவர் கவனமில்லாதவர் என்று கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆனால் லெப்டொப் பித்தளைக் குத்துவிளக்கு இல்லை, பூட்டி வைத்தால் அப்படியே இருக்க. லித்தியம் பெட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல வடியும். முழுதாக வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாது, ஏற்ற விடவும் கூடாது. உள்ளே நேரம் காக்கும் காசு போன்ற சின்ன பெட்டரி ஒன்று இருக்கிறது, சிஆர் 2032, மூன்று வோல்ட். அதுவும் தீர்ந்துபோகும். ஈரம் ரெம்மின் பல்லில் ஏறும். எறும்பு கூடு கட்டும். கதை சொல்லவில்லை, ஒரு அலுமாரியிலிருந்து எடுத்த லெப்டொப்பின் காற்றாடிக்குள் எறும்பு முட்டைகளை நாங்கள் பெயின்ட் பிரஷால் கூட்டி எடுத்தோம். அதற்குப் பெரிதாக வயதில்லை. ஒரு பிள்ளையும் அதில் ஒரு எழுத்துக்கூட அடித்திருக்கவில்லை. ஓன் ஆகாத லெப்டொப்கள் என்று ஓரம் கட்டியவற்றில் பலதைக் கொன்றது பிள்ளைகளின் கை அல்ல, எங்கள் பூட்டு.

பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டோம். கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். அதனால்தான் தனி ஆளுக்குப் புத்தி சொல்வதில் பிரயோசனம் இல்லை என்கிறோம். மூடியைத் திறந்து ரெம்மைத் துடைக்க, பெட்டரியைக் கழற்ற, அறுநூறு ரூபாய் சாமான் மாற்ற, பாடசாலைக்குள்ளேயே இரண்டு மூன்று ஆசிரியருக்கு அதிபர் எழுத்தில் அனுமதி கொடுக்கட்டும். என்ன திறந்தோம், என்ன மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றி, ஒரு மணித்தியாலம் ஓட விட்டு வைப்போம். கணக்கெடுக்க வருபவர்கள் எண்ணுவதோடு நிற்காமல் பட்டனையும் அமத்திப் பார்க்கட்டும். இதற்குப் பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

“இந்தக் காலத்தில் பழையதைக் கட்டி அழுவதா, புதிசு வாங்கலாமே?” என்று ஒரு நண்பர் கேட்டார். வெளிநாட்டில் இருப்பவர், குறை சொல்லவில்லை. ஆனால் 2022 ஐ நாங்கள் மறக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் முன்னூற்றைம்பதைத் தாண்டியது. லெப்டொப் விலை அதோடு ஏறியது. டொலர் கொஞ்சம் இறங்கினாலும் பழைய விலை திரும்பவில்லை. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். வீட்டில் இருந்த பழைய லெப்டொப்களின் பெட்டரிகள் எத்தனை அந்த மாதங்களில் செத்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அதற்கு முன்னால் 2020 மார்ச் 13 இல் பாடசாலைகளை மூடியபோது நாங்கள் சூமில் படிப்பித்தோம், வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். எதிரில் எத்தனை பிள்ளை இருந்தது? ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தன. சிக்னலுக்காக மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படம் பேப்பரில் வந்தது, நாம் எல்லோரும் பகிர்ந்தோம். அந்த நேரத்திலும் எத்தனையோ அலுமாரிகள் பூட்டியே இருந்தன.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கி ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லெப்டொப் கொடுத்தார்கள். குறை நிறை எவ்வளவோ பேசலாம். ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குப் பிடிக்கும். ஒரே மொடல் ஆயிரக்கணக்கில் போவதால், செத்த ஒன்றின் சாமானைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடலாம். இங்கே ஒரு பாடசாலையில் நாலு கம்பனியின் ஆறு மொடல். நன்கொடை கொடுப்பவர்கள் கோபிக்க வேண்டாம். ஐந்து புதுசுக்குப் பதிலாக ஒரே மொடலில் எட்டு பழையது கொடுத்தால் நாங்கள் அதிக காலம் ஓட்டுவோம். மேலதிகமாக இரண்டு சார்ஜரும் தந்தால் துஆ செய்வோம்.

பணக்கார நாடுகளும் இதைத்தான் இப்போது யோசிக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் 2009 இல் ஒரு பெண்மணி தொடங்கிய ரிப்பேர் கஃபே இன்று பல நாடுகளில் நடக்கிறது. பழுதான சாமானைக் கொண்டுவந்து, தெரிந்தவரோடு சேர்ந்து உட்கார்ந்து, தானே திருத்தும் இடம். பிரான்ஸில் 2021 முதல் லெப்டொப் விற்கும்போது அதைத் திருத்துவது எவ்வளவு லேசு என்று பத்துக்குப் புள்ளி போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம். ஐக்கிய நாடுகள் வெளியிட்ட கணக்கின்படி 2022 இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 62 மில்லியன் தொன். முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது அதில் கால்வாசிகூட இல்லை. அவர்கள் சட்டம் போட்டுப் பழகுவதை நம் வாப்பாமார் சட்டம் இல்லாமலே செய்தார்கள். ரேடியோ பழுதானால் பின் மூடியைக் கழற்றி ஊதிப் பார்க்காத வீடு ஒன்று இருந்ததா?

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்தப் பதிவு குறைதான். லெப்டொப் ஓன் ஆகாததும், அதற்குள் இருக்கும் உங்கள் சாமான் அழிந்துபோவதும் ஒன்றல்ல. இயந்திரம் செத்தாலும் டிஸ்க் உயிரோடு இருக்கும், பெரும்பாலும். இரண்டு ஆணி கழற்றினால் கையில் வரும். அதைப் போடும் யூஎஸ்பி பெட்டி ஒரு கோழி வாங்கும் காசுக்குக் கிடைக்கும். இன்னொரு கணினியில் குத்தினால் புள்ளிப் பட்டியல், வினாத்தாள், பிள்ளை பிறந்த நாள் படம் எல்லாம் அப்படியே. புதிய விண்டோஸ் சிலவற்றில் பூட்டுச் சாவி கேட்கும். அந்த நீண்ட இலக்கத்தை இப்போதே எழுதி வையுங்கள். திருத்தக் கொடுக்கும் முன்னால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் “ஃபோர்மட் பண்ண வேண்டாம்” என்று துண்டில் எழுதி ஒட்டுங்கள். வாய்ச் சொல் போதாது. திருத்துபவர்களுக்கும் ஒரு சொல்: மற்றவரின் டிஸ்க் உங்கள் கையில் அமானிதம். திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை.

2016 மே 17 ஐ அரநாயக்கவில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. சாமசர மலை இறங்கி எலங்கபிட்டிய, பல்லேபாகே, சிறிபுர பக்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு சில வருடம் கழித்து ஒரு சிங்கள ஆசிரியை எங்களிடம் லெப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடையது அல்ல, சொந்தக்காரருடையது. சம்பவத்தன்று அது வேறு ஊரில் திருத்தக் கொடுத்திருந்ததால் தப்பியது. திருத்தியவர் போர்ட் போயிட்டு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான், நாங்களும் எவ்வளவோ பார்த்தோம், அது எழும்பவே இல்லை. டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டோம். ஒரு கல்யாண வீட்டுப் படங்கள். அதில் நின்றவர்களில் சிலருக்கு அதைத் தவிர வேறு படமே இல்லை என்றார் டீச்சர். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாங்களும்தான். அந்த லெப்டொப்பை யாராவது மூவாயிரத்துக்குக் கொடுத்திருந்தால்?

எங்கள் தோல்விகளையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது வந்து கேட்பார்கள். ஒரு ஆசிரியருடைய லெப்டொப்பின் கீபோர்ட் நாடாவை இழுத்துக் கிழித்தோம். கொழுவியைத் தூக்காமல் இழுத்தது எங்கள் அவசரம். புதிது வாங்கிக் கொடுத்தோம். இன்னொன்றில் ஆணி மாறிப்போட்டு, நீள ஆணி அடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வெள்ளைத் தாளில் லெப்டொப்பின் படத்தைக் கீறி, கழற்றும் ஆணியை அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டி வைக்கிறோம். திறக்கும் முன்னால் போனில் ஒரு படம், ஒவ்வொரு வயரைக் கழற்றும் முன்னாலும் ஒரு படம். கொழுவி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாவிட்டால் பலம் போட வேண்டாம், நிறுத்துங்கள்.

தோட்டத்துப் பிள்ளையின் அப்பா போன கிழமை பாடசாலைக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எவ்வளவு காசு என்று கேட்டார். சாமான் காசைப் பிள்ளையே தந்துவிட்டது என்றோம். அவர் போகாமல் நின்றார். “அந்தக் கடக்காரரு ஏன் சேர் அப்பிடி சொன்னாரு?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. தெரியாமல் சொல்லியிருக்கலாம், தெரிந்தும் சொல்லியிருக்கலாம். பிள்ளைதான் சொன்னது, அடுத்த தரம் ஜெக்கை ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன் என்று.

இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து லுஹர் வரை நாங்கள் ஓய்வறையில் இருப்போம். ஓன் ஆகாதது எதுவானாலும் கொண்டு வாருங்கள், எந்தப் பாடசாலை, எந்தத் தோட்டம் என்று கேட்க மாட்டோம். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள். போன தரம் வந்தவர்களில் பாதிப் பேர் அதை வீட்டிலே விட்டுவிட்டு வந்தார்கள்.